சுவரில் கை வைக்கப் பயமா? எந்தப் பயம் என்று பார்த்து வழி சொல்கிறேன்

அம்மாவின் அடுப்படியில் புகை வெளியே போக ஒரு எக்சாஸ்ட் ஃபேன் வைக்க வேண்டும். வேலை அவ்வளவுதான். ஃபேன் வாங்கி வந்தாயிற்று, டிரில்லிங் மெஷின் இருக்கிறது, சுவரில் பென்சிலால் வட்டம்கூடப் போட்டாயிற்று. அந்த வட்டம் மூன்று வாரம் அப்படியே இருந்தது. மிளகாய் வற்றல் தாளிக்கும்போதெல்லாம் அம்மா இருமிக்கொண்டே அதை ஒருதரம் பார்ப்பார். என்னிடம் ஒன்றும் கேட்க மாட்டார். மதுரை திருநகரில் அப்பா 1987இல் கட்டிய வீடு அது. ஒவ்வொரு லோடு செங்கலையும் பக்கத்தில் நின்று எண்ணி இறக்கியவர் அவர். அந்தச் சுவரில் நான் ஓட்டை போட்டு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது?

பக்கத்துத் தெருவில் வேலைக்கு வந்த கொத்தனார் அண்ணன் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் திருப்பிக் கேட்டார்: "என்ன பயம் தம்பி? கரண்டுக்கா, தண்ணிக்கா, சுவருக்கா? மொத்தமாப் பயந்தா நான் என்னன்னு சொல்றது?"

என் கையைப் பிடித்து நிறுத்தியது ஒரே பயம் இல்லை, நாலைந்து பயங்கள் ஒன்றாகச் சேர்ந்து நின்றன என்பது அப்போதுதான் புரிந்தது. தனித்தனியாகப் பிரித்தால் ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. சில பயங்கள் சோதனையில் காணாமல் போய்விடும். சில பயங்கள் சரியானவை, அவற்றின் சொல்லைக் கேட்க வேண்டும். அதற்குப் பிறகு என் வீடு, அக்கா வீடு, நண்பர்கள் வீடு என்று நிறையச் சுவர்களில் வேலை பார்த்துவிட்டேன். உங்கள் கை எந்த இடத்தில் நிற்கிறதோ, அந்தத் தலைப்பைப் படியுங்கள்.

அறிகுறி: மெஷினைச் சுவரில் வைத்ததும் "உள்ளே வயர் ஓடுமோ" என்று கை பின்வாங்குகிறது

இது நல்ல பயம். போக்கிக்கொள்ள வேண்டாம், பதில் தேடுங்கள்.

முதலில் சுவிட்ச் போர்டைப் பாருங்கள். நம் பக்கத்து வீடுகளில் வயர் போகும் குழாய் பெரும்பாலும் போர்டிலிருந்து நேர் மேலே ஏறி கூரைக்குப் போகும். தரைக்கு அருகில் பிளக் பாயிண்ட் இருந்தால் மேல் போர்டிலிருந்து நேர் கீழே இறங்கும். ஆகவே ஒவ்வொரு போர்டுக்கும் மேலும் கீழும், இரண்டு பக்கமும் அரை அடி விட்டு, கூரை முதல் தரை வரை ஒரு பட்டை இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டைக்குள் ஆணிகூட அடிக்காதீர்கள். சுவர் விளக்கு, ஏ.சி. பாயிண்ட், கீசர் பாயிண்ட் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. சுவரின் மறுபக்கத்தையும் போய்ப் பாருங்கள். நாலரை இஞ்சுச் சுவராக இருந்தால் அந்தப் பக்கத்து போர்டின் குழாய் இந்தப் பக்கத்துப் பூச்சுக்கு மிக அருகில் கிடக்கும்.

இரண்டாவது சோதனைக்குக் காசு செலவில்லை. இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து வெளிச்சத்தைச் சுவரின் மேலேயே ஓடவிடுங்கள். பகலில் வழவழப்பாகத் தெரிந்த சுவர் அப்போது தன் ரகசியத்தைச் சொல்லிவிடும். எப்போதோ காடி (சுவரில் வெட்டும் நீளப் பள்ளம்) வெட்டி வயர் குழாய் பதித்துப் பூசிய இடம் லேசான மேடாகவோ பள்ளமாகவோ நீளமாகத் தெரியும். எங்கள் அடுப்படியில் மிக்ஸி பாயிண்டிலிருந்து குறுக்காக ஒரு கோடு போவதை அப்படித்தான் கண்டுபிடித்தேன். வயர் எப்போதும் நேர் மேலே, நேர் கீழேதான் போகும் என்று நம்பியிருந்தால் அங்கே மாட்டியிருப்பேன். பிறகு சேர்த்த பாயிண்டுகளுக்குக் குறுக்கு வழியில் குழாய் போட்டிருப்பார்கள், அதை மறக்காதீர்கள். வயர் இருப்பதைக் காட்டும் டிடெக்டர் கருவியும் கிடைக்கிறது. ஈரம் ஏறிய சுவரில் அது எங்கே வைத்தாலும் கத்தும். துணைக்கு வைத்துக்கொள்ளலாம், அதை மட்டும் நம்பி இறங்கக்கூடாது.

மூன்றாவதாக கரண்டை நிறுத்துவது. இங்கே ஒரு சம்பவத்தைச் சொல்லியாக வேண்டும். அக்கா வீட்டு ஹாலில் அலமாரி மாட்ட வேண்டியிருந்தது. மெயினை நானே ஆஃப் செய்தேன், ஃபிரிட்ஜ் நின்றது, டி.வி. நின்றது. ஏணியில் ஏறி உளியை எடுத்தேன். தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. வேர்வை முகத்தில் அந்தக் காற்று இதமாக இருந்தது, அதனால் எதுவும் உறைக்கவில்லை. அக்காதான் கீழேயிருந்து, "டேய், கரண்டை நிப்பாட்டிட்டேன்னு சொன்ன, ஃபேன் எப்படிடா ஓடுது?" என்றாள். இன்வெர்ட்டர். ஈ.பி. லைன்தான் நின்றிருந்தது. பேட்டரியிலிருந்து வரும் லைன் அதே சுவருக்குள் 230 வோல்ட்டோடு உயிரோடு இருந்தது. இறங்கி வந்தபோது கால் நடுங்கியது.

நம் ஊர் வீடுகளில் கரண்டு ஒரே வழியில் வருவதில்லை. ஈ.பி. ஒன்று, இன்வெர்ட்டர் ஒன்று, இப்போது சில மாடிகளில் சோலாரும் இருக்கிறது. எல்லாவற்றையும் நிறுத்துங்கள். இன்வெர்ட்டரில் முன்பக்கப் பட்டனை அமுக்குவது போதாது, அதிலிருந்து வீட்டு லைனுக்குப் போகும் இணைப்பையே பிரித்துவிடுங்கள். எப்படிப் பிரிப்பது என்று தெரியாவிட்டால் எலெக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள். பிறகு வேலை செய்யப் போகும் சுவரில் உள்ள ஒவ்வொரு பிளக்கிலும் டெஸ்டரை வைத்துப் பாருங்கள். அந்த டெஸ்டர் நன்றாக இருக்கிறதா என்று கரண்டை நிறுத்தும் முன்பே ஒருமுறை எரியவிட்டுப் பார்த்திருக்க வேண்டும். மெஷினுக்குக் கரண்டு வேண்டுமே என்றால், பேட்டரி டிரில்லை இரவல் வாங்குங்கள். அது இல்லையென்றால் வேறு அறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு, வேலை நடக்கும் சுவரின் எம்.சி.பி.யை (அந்த லைனுக்கு மட்டும் கரண்டை நிறுத்தும் சுவிட்ச்) மட்டும் இறக்கி வையுங்கள். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் கரண்டு கசிந்தாலே தானாக விழுந்து லைனைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருந்தால் அது உயிர் காக்கும் இரண்டாவது வேலி. இல்லாதவர்கள் சுவரைத் தொடும் முன் அதைப் போட்டுக்கொள்வது நல்லது.

அறிகுறி: "பைப் உடைந்து வீடெல்லாம் தண்ணியாகிவிட்டால்?"

கரண்டோடு ஒப்பிட்டால் இது சின்னப் பயம். தண்ணீர் வீணாகும், பூச்சு நனையும், செலவு வரும். கரண்டை நிறுத்தியிருந்தால் ஆளுக்கு ஒன்றும் ஆகாது.

குழாயின் பாதையும் ஏறக்குறைய வயர் மாதிரிதான். டேப்பிலிருந்து நேர் மேலேயோ நேர் கீழேயோ போய், ஒரு குறுக்கு லைனில் சேரும். பாத்ரூம் சுவரின் மறுபக்கம் உங்கள் படுக்கையறைச் சுவராக இருக்கலாம். கட்டிலுக்கு மேல் படம் மாட்ட ஓட்டை போட்டு ஷவர் லைனைக் குத்தியவர்கள் உண்டு.

இங்கேயும் இரண்டு வழி. மதுரையில் பல வீடுகளில் போர் தண்ணிக்கு ஒரு லைன், கார்ப்பரேஷன் நல்ல தண்ணிக்கு இன்னொரு லைன் ஓடும். மாடியில் இரண்டு டேங்க் இருந்தால் இரண்டு கேட் வால்வையும் மூடுங்கள். மூடிய பிறகு கீழே இருக்கும் டேப்பைத் திறந்து, குழாயில் மிச்சமிருக்கும் தண்ணீர் முழுதும் வடிந்து, சொட்டு நிற்கும்வரை காத்திருங்கள். வருடக்கணக்காகத் தொடாத கேட் வால்வு முழுதாக மூடாது. சொட்டு நிற்கவில்லை என்றால் முதல் வேலை சுவரில் இல்லை, மொட்டை மாடியில் இருக்கிறது.

அறிகுறி: "சுவர் இடிந்துவிடும், வீடு விரிசல் விட்டுவிடும்" என்று வயிற்றைப் பிசைகிறது

என்னை மூன்று வாரம் உட்கார வைத்தது இந்தப் பயம்தான். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

உங்கள் வீட்டின் பாரத்தை எது தாங்குகிறது என்று தெரிய வேண்டும். மொட்டை மாடிக்குப் போங்கள். மூலைகளில் கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறதா? அப்படியென்றால் பில்லர் போட்ட வீடு. கூரைக்குக் கீழே பீம் தெரியும், பாரம் பீமுக்குப் போய், பீமிலிருந்து பில்லருக்கு இறங்கும். நடுவில் இருக்கும் செங்கல் சுவர் பெரும்பாலும் மறைப்புதான். கம்பியும் இல்லை, பில்லரும் இல்லை, பீமும் தெரியவில்லை என்றால் சுவர்தான் கூரையைத் தாங்குகிறது. கம்பியை அறுத்துப் பூசியிருக்கலாம் என்பதால், சந்தேகம் இருந்தால் சுவர்தான் தாங்குகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீடு சுவர் தாங்கும் வகை.

அடுத்து தடிமன். ஜன்னல் ஓரத்தில் டேப் வைத்து அளந்தால் தெரிந்துவிடும். பூச்சோடு சேர்த்து பத்து இஞ்சு வந்தால் ஒன்பது இஞ்சுச் சுவர், ஐந்து, ஐந்தரை வந்தால் நாலரை இஞ்சுச் சுவர்.

இந்த இரண்டும் தெரிந்த பிறகுதான் எவ்வளவு வெட்டலாம் என்ற பேச்சு. இந்திய தர நிர்ணய அமைவனத்தின் செங்கல் கட்டுமான விதி, ஐ.எஸ். 1905, இதற்குத் தெளிவாக அளவு சொல்கிறது. மேலிருந்து கீழாக வெட்டும் காடி, சுவர் தடிமனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆழம் போகக்கூடாது. குறுக்காக வெட்டும் காடி ஆறில் ஒரு பங்குதான். பாரம் தாங்கும் சுவரில் குறுக்குக் காடியின் நீளம் ஒரு மீட்டரைத் தாண்டக்கூடாது. ஒன்பது இஞ்சுச் சுவரில் நேர்க் காடி மூன்று இஞ்சு, குறுக்குக் காடி ஒன்றரை இஞ்சு என்று கணக்கு வருகிறது. நாலரை இஞ்சுச் சுவரில் குறுக்குக் காடிக்கு முக்கால் இஞ்சுதான் மிஞ்சும். முக்கால் இஞ்சு வயர் குழாயே அதை நிரப்பிவிடும், மேலே பூச இடம் இருக்காது. அதனால்தான் நல்ல எலெக்ட்ரீஷியன் நாலரை இஞ்சுச் சுவரில் குறுக்கே போகச் சம்மதிக்க மாட்டார். சுற்றிப் போய், கூடுதலாக நாலு மீட்டர் வயர் இழுப்பார்.

நேருக்கும் குறுக்குக்கும் ஏன் இந்த வித்தியாசம்? பாரம் மேலிருந்து கீழே இறங்குகிறது. வாழைத்தண்டை நெடுக்கே கீறினால் நிற்கும், குறுக்கே வெட்டினால் சாயும். சுவரும் அப்படித்தான்.

இனி, ஓட்டை. எக்சாஸ்ட் ஃபேனுக்கும் ஏ.சி. பைப்புக்கும் சுவரை முழுக்கத் துளைக்க வேண்டும். செங்கல் சுவரில் ஒரு கல்லை எடுத்தால் மேலே உள்ளதெல்லாம் தலையில் விழும் என்றுதான் நானும் நினைத்தேன். அப்படி இல்லை. செங்கல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியது இல்லை. இணைப்பு மாற்றி மாற்றி, ஒரு கல் கீழே உள்ள இரண்டு கல்மேல் உட்காரும்படி கட்டியது. ஒரு கல்லை உருவினால் அதற்கு மேல் உள்ளவை பக்கத்துக் கற்களில் சாய்ந்து, படிப்படியாக ஒரு வளைவு போல நின்றுகொள்ளும். மாசி வீதிப் பக்கத்துப் பழைய வீடுகளில் விளக்கு மாடத்துக்கு மேலே செங்கல்லை வில்லாக வளைத்துக் கட்டியிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அங்கே கொத்தனார் கைப்பட வளைத்ததை, இங்கே சுவர் தானே செய்துகொள்கிறது. சின்ன ஓட்டைக்கு இது போதும். அகலம் கூடக்கூட இந்த வளைவு தாங்காது. அதனால்தான் கதவுக்கும் ஜன்னலுக்கும் மேலே லிண்டல் என்ற கான்கிரீட் பட்டை போடுகிறோம்.

எக்சாஸ்ட் ஓட்டைக்கு நான் வைத்துக்கொண்ட எல்லை இது. ஒரு அடிக்கு மேல் அகலம் என்றால் நானாகத் தொடுவதில்லை. சுவர் மூலையிலிருந்தும் ஜன்னல் ஓரத்திலிருந்தும் இரண்டு அடி தள்ளியே போடுவேன். பீம் வந்து உட்காரும் இடத்துக்குக் கீழே போடவே மாட்டேன். சுவரில் ஏற்கெனவே படிக்கட்டு மாதிரி இறங்கும் விரிசல் இருந்தால், ஓட்டையைப் பற்றிப் பேசும் முன் அந்த விரிசலைப் பற்றிப் பேச ஆள் கூப்பிட வேண்டும். கரிசல் மண்ணில் கட்டிய வீடுகளில் இது அடிக்கடி வரும். அந்த மண் மழையில் ஊதும், கோடையில் சுருங்கும், அஸ்திவாரத்தையும் சேர்த்து அசைக்கும்.

முதல் துளையை ஒரு அடி நீளமுள்ள எட்டு எம்.எம். பிட்டால் வட்டத்தின் நடுவில் போட்டேன். பூச்சு தாண்டும்வரை சாம்பல் தூள், பிறகு செங்காமட்டித் தூள். கீழே பழைய நியூஸ் பேப்பரைப் பை மாதிரி மடித்து ஒட்டியிருந்தேன், அதில் குங்குமம் மாதிரி விழுந்தது. சட்டென்று எதிர்ப்பு இல்லாமல் பிட் முன்னால் ஓடியது. வெளியே எடுத்துவிட்டுக் கண்ணை வைத்துப் பார்த்தால், மிளகு அளவுக்கு வெளிச்சம், அதற்குள் வேப்பமரத்துப் பச்சை. சுவர் அசையவில்லை. கூரை அதே இடத்தில் இருந்தது. என் பயத்தில் பாதி அந்த மிளகு வெளிச்சத்தில் போனது.

நடுத் துளை இன்னொரு வேலையும் செய்கிறது. வெளிச்சுவரில் அது எங்கே வருகிறது என்று காட்டும். அதை மையமாக வைத்து வெளியேயும் வட்டம் போடுங்கள். சுற்றிலும் நெருக்கமாகத் துளை போட்டு, உள்ளிருந்து பாதி, வெளியிலிருந்து பாதி என்று உளியால் எடுங்கள். ஒரே பக்கத்திலிருந்து அடித்து முடித்தால் மறுபக்கத்துப் பூச்சு தட்டு அளவுக்குப் பெயர்ந்து விழும். கல்லை அடிக்காதீர்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் உள்ள கலவையைக் கொத்தினால் கல் தானாக ஆடி வெளியே வரும். ஏ.சி. பைப்புக்கு என்றால் ஓட்டை வெளிப்பக்கம் லேசாகச் சரிய வேண்டும். நேராகப் போட்டால் ஐப்பசி மழை பைப்போடு சேர்ந்து உள்ளே வரும்.

நீங்கள் செய்யக்கூடாததையும் சொல்லிவிடுகிறேன். பில்லர், பீம், கூரை சிலாப் மூன்றிலும் காடி வெட்டக்கூடாது, உள்ளே உள்ள கம்பியை அறுக்கக்கூடாது. யாராவது "ஒண்ணும் ஆகாது சார்" என்று சொன்னாலும் விடாதீர்கள். இரண்டு அறையை ஒன்றாக்கச் சுவரை எடுப்பது, புது ஜன்னல் திறப்பது, டி.வி.க்கோ சாமி மாடத்துக்கோ பாரம் தாங்கும் சுவரில் நாலரை இஞ்சு ஆழத்துக்குக் குடைவது எல்லாம் கட்டட இன்ஜினியர் வந்து பார்த்து எழுதிக் கொடுத்த பிறகு நடக்க வேண்டிய வேலை. இங்கே உங்கள் பயம் சொல்வது சரி.

அறிகுறி: பிட் அரை இஞ்சு போய் நிற்கிறது, எவ்வளவு அழுத்தினாலும் இறங்கவில்லை

ஜன்னல் திரைக்குக் கம்பி மாட்டப் போன பெரும்பாலோர் இங்கேதான் தோற்றுப்போய் மெஷினைக் கீழே வைக்கிறார்கள். தரையிலிருந்து ஏழடி உயரத்தில் ஜன்னலுக்கும் கதவுக்கும் மேலே லிண்டல் கான்கிரீட் ஓடுகிறது. பல வீடுகளில் அது வீட்டைச் சுற்றிலும் ஓடும். சாதாரண டிரில் செங்கலில் வெண்ணெய் மாதிரி இறங்கும், கான்கிரீட்டில் திணறும்.

தூளைப் பாருங்கள். தூள் சாம்பல் நிறத்திலேயே வந்து, சிவப்பாக மாறவில்லை என்றால் கான்கிரீட். மெஷின் ஹேமர் நிலையில்தான் (சுற்றிக்கொண்டே இடிக்கும் நிலை) இருக்கிறதா, பிட் மொட்டையாகிவிட்டதா என்று பாருங்கள். முதலில் ஆறு எம்.எம்., பிறகு எட்டு எம்.எம். என்று போங்கள். நடுநடுவே பிட்டை வெளியே எடுத்துத் தூளை உதறி ஆறவிடுங்கள். அப்படியும் போகாவிட்டால் கான்கிரீட்டை இடித்துத் துளைக்கும் ரோட்டரி ஹேமரை (எஸ்.டி.எஸ். பிட் போடும் மெஷின்) ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள், பத்து நிமிட வேலை. உடம்பு பாரத்தைச் சாய்த்து அழுத்துவது மட்டும் வேண்டாம், பிட் ஒடியும், மணிக்கட்டு திரும்பும்.

திடீரென்று கிரீச் என்று சத்தம் மாறி, தூளில் பளபளவென்று இரும்புத் துணுக்கு தெரிந்தால் கம்பியைத் தொட்டுவிட்டீர்கள். உடனே நிறுத்தி இரண்டு இஞ்சு தள்ளிப் போடுங்கள். அதற்கு மேல் ஒன்றும் செய்ய வேண்டாம்.

அறிகுறி: துளை போடப் போட மணலாகக் கொட்டுகிறது, ஸ்க்ரூவுக்காகத் துளையில் செருகும் பிளக் உள்ளே சுற்றுகிறது

சுவர் விழப்போகிறது என்று இதைப் பார்த்துப் பயந்தவர்கள் நிறைய. பெரும்பாலும் காரணம் பூச்சுதான். சிமெண்ட் குறைந்த கலவையாக இருக்கும், இல்லையென்றால் பூச்சு சுவரை விட்டு விலகியிருக்கும். பானை வாங்கும்போது விரலால் சுண்டிப் பார்ப்போமே, அதே மாதிரி சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான இடம் "டக் டக்" என்னும், விலகிய பூச்சு "டொப்" என்று பொத்தலாகச் சொல்லும். டொப் என்ற இடத்தில் எதையும் மாட்டாதீர்கள்.

பிளக் முழுதும் பூச்சுக்குள்ளேயே உட்கார்ந்தால் நிற்காது. பூச்சு தாண்டிச் செங்கலுக்குள் ஒன்றரை இஞ்சாவது போக வேண்டும். பிட்டில் அந்த ஆழத்துக்கு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி அடையாளம் வையுங்கள். துளை ஏற்கெனவே பெரிதாகிவிட்டால் அதே இடத்தில் மல்லுக்கட்டாமல், அதைச் சிமெண்டால் அடைத்துவிட்டு மூன்று இஞ்சு தள்ளிப் போடுங்கள்.

தூள் வெள்ளையாக, மெத்தென்று வந்தால் கதையே வேறு. அது சுண்ணாம்புச் சுவர். மீனாட்சி கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் ஒன்றரை அடி தடிமனில் இன்னும் இருக்கின்றன. 1636இல் கட்டிய திருமலை நாயக்கர் மகாலும் செங்கல்லும் சுண்ணாம்பும்தான், ஆகவே அது வலுவற்ற பொருள் என்று யாரும் சொல்ல வேண்டாம். ஆனால் அதிர்ச்சி பிடிக்காது. ஹேமரை அணைத்துவிட்டு, சாதாரணச் சுற்றில் மெதுவாகத் துளையுங்கள், நீளமான பிளக் போடுங்கள். இந்தச் சுவர்களில் சிமெண்டை வைத்து ஒட்டுப்போடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளியே விடும், சிமெண்ட் அதை அடைத்துவிடும். ஈரம் உள்ளேயே நின்று, சுற்றியுள்ள பழைய பூச்சையும் சேர்த்துத் தள்ளும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்புதான். மேலே மெட்ராஸ் டெரஸ் (மர உத்தரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட பழைய கூரை) என்றால், தேக்கு உத்தரம் சுவரில் உட்காரும் இடத்துக்குக் கீழே இரண்டு அடிக்கு எதுவும் வேண்டாம்.

அறிகுறி: டைல்ஸ் வெடித்துவிடும் என்ற பயம்

ஹேமர் நிலையில் போட்டால் வெடிக்கும். டைல்ஸுக்கு உள்ள வேல் முனைப் பிட்டை வாங்கி, ஹேமரை அணைத்து, டேப் ஒட்டிய இடத்தில் மெதுவாகத் தொடங்குங்கள். டைல்ஸ் தாண்டிய பிறகு சாதாரணப் பிட்டுக்கு மாறலாம். ஓரத்திலிருந்து ஒரு இஞ்சுக்குள் துளைக்காதீர்கள்.

அறிகுறி: கட்டிங் மெஷின் சத்தத்தைக் கேட்டாலே உடம்பு கூசுகிறது

டிரில்லைப் பார்த்துப் பயப்படுகிறவர்களைத் தேற்றுவேன். கட்டிங் மெஷினைப் பார்த்துப் பயப்படுகிறவர்களைத் தேற்ற மாட்டேன். நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும் சக்கரம் அது. சுவரில் சிக்கினால் மெஷின் உங்கள் பக்கமாகத் தூக்கி எறியும். மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டுவதைப் பார்த்துப் பழகியிருப்போம். அதைச் செய்யாதீர்கள். வேட்டி, தோளில் துண்டு, சேலைத் தலைப்பு, தொங்கும் சங்கிலி எதுவும் ஆகாது. கண்ணாடி, நல்ல முகமூடி, காதுக்கு இயர் பிளக் கட்டாயம். ஏணியில் நின்று ஒருபோதும் பிடிக்காதீர்கள்.

பயம் போகவில்லையா? அப்படியே இருக்கட்டும். ஒரு மீட்டர் காடியை உளியும் சுத்தியலும் வைத்து ஒரு மதியத்தில் எடுத்துவிடலாம். எங்கள் அடுப்படியில் ஃபேனுக்கு வயர் காடியை அப்படித்தான் எடுத்தேன். கை வலித்தது, ஆனால் ஒவ்வொரு அடிக்கும் பிறகு நிறுத்திப் பார்க்க முடிந்தது. உளி நீங்கள் நிறுத்தினால் நிற்கும்.

அறிகுறி: வீட்டுப் பெரியவர்கள் "சுவத்தத் தொடாதே" என்கிறார்கள்

அக்கா மாசமாக இருந்தபோது அலமாரி வேலையை மறுபடி தொடங்கப் போனேன். எங்கள் அப்பத்தா வாசலிலேயே மறித்தார்: "மாசமா இருக்குற பிள்ளை வீட்டுல சுவத்தக் குத்தாதப்பா. பைய பெறவு பார்த்துக்குவோம்." நம் பக்கம் பல வீடுகளில் இந்தச் சொல் உண்டு. நான் வாதாடவில்லை. செங்கல், சிமெண்ட் தூளில் உள்ள நுண்ணிய சிலிக்கா நுரையீரலுக்குக் கெடுதல், சத்தமும் தூக்கத்தைக் கெடுக்கும். குழந்தை பிறந்து, அக்கா எங்கள் வீட்டுக்கு வந்திருந்த மாதத்தில் அங்கே போய் வேலையை முடித்தேன். அப்பத்தாவுக்கு மனம் குளிர்ந்தது, குழந்தை தூசியைச் சுவாசிக்கவில்லை.

பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர் என்றால் முதல் நாளே போய்ச் சொல்லிவிடுங்கள். வாடகை வீடு என்றால் ஓனரிடம் எந்தச் சுவர், எத்தனை துளை என்று சொல்லி, சம்மதத்தை வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே வாங்கிக்கொள்ளுங்கள்.

அறிகுறி: "வெட்டிவிடுவேன், பூசத் தெரியாதே. அசிங்கமாக நிற்குமே"

பூச்சு இந்த வேலையில் சுலபமான பகுதி. கெடுவது அவசரத்தால்தான்.

காடியில் உள்ள தூளைப் பிரஷ்ஷால் சுத்தமாகத் தள்ளி, தண்ணீர் அடித்து நன்றாக நனையுங்கள். காய்ந்த செங்கல் கலவையில் உள்ள தண்ணீரை உறிஞ்சிவிடும், பூச்சு இறுகாமல் பொடியாகும். குழாயை ஆணியால் இறுக்கி, அகலமான காடிக்குக் கோழி வலை வைத்து, ஒரு பங்கு சிமெண்டுக்கு நாலு பங்கு சலித்த மணல் என்று கலவை போடுங்கள். இரண்டு தடவையாக நிரப்புங்கள். கடைசித் தடவை சுவர் மட்டத்துக்கு ஒரு நூல் (அரைக்கால் இஞ்சு) கீழேயே நிற்கட்டும், பட்டி பார்க்க இடம் வேண்டும். பிறகு ஏழு நாள், காலை, மதியம், மாலை தண்ணீர் தெளியுங்கள். சித்திரை வைகாசி மதுரை வெயிலில் மதியத் தண்ணீரை விட்டீர்கள் என்றால் மயிரிழை விரிசல் நிச்சயம்.

பூசிய இடத்தின் ஓரத்தில் மெல்லிய கோடு விழுந்தால் பதற வேண்டாம். கோட்டின் இரு முனையிலும் பென்சிலால் புள்ளி வைத்துத் தேதி எழுதுங்கள். ஒரு மாதம் கழித்தும் புள்ளிக்குள்ளேயே இருந்தால் அது பூச்சு சுருங்கிய கோடு, பட்டி வைத்து முடியுங்கள். புள்ளியைத் தாண்டி ஓடினால், அல்லது சுவரின் மறுபக்கத்திலும் தெரிந்தால், இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

பெயிண்ட் விஷயத்தில், மூலையிலிருந்து மூலை வரை முழுச் சுவருக்கும் அடியுங்கள். அதே டப்பாவில் மிச்சமிருந்த பெயிண்டை ஒட்டுப்போட்ட இடத்தில் மட்டும் அடித்தால், பழைய நிறம் வெளுத்திருப்பதால் திட்டுத் திட்டாகத் தெரியும். எங்கள் அடுப்படியில் ஃபேனுக்குக் கீழே அப்படி ஒரு திட்டு இருந்தது. அடுத்த தையில் அம்மா புதுக் காலண்டரை அதன் மேல் மாட்ட நினைத்தார். சுத்தியலையும் ஆணியையும் எடுத்துக்கொண்டு வந்து, சுவரை விரலால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். "இந்தப் பக்கம் வயர் ஓடலையேப்பா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவரே அடித்தார்.